ஒரே படகில் காயாத மூன்று ஒட்டு

ஐயா என் கையில் முதலில் தந்தது ஒரு துண்டு சாண்ட் பேப்பர். 80ஆம் நம்பர், புதுத்தாள். நாலு இழுப்பிலேயே அதன் மணல் முழுக்க மூடிப்போய், மேலே மஞ்சள் பசை உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. பதம் வராத தொதல் அகப்பையில் ஒட்டிக்கொண்ட மாதிரி.

"தம்பி, ஒட்டுப் போட்டு மூண்டு நாளாச்சு. தேய்க்கத் தேய்க்க பேப்பர்தான் போகுது, மட்டம் வருகுதில்லை. ரெசின் பழுதோ?"

திருகோணமலையில் திருக்கடலூர் பக்கம் வாடைக் காலம் வந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வராத வருசமே இல்லை. கார்த்திகை, மார்கழியில் கடல் அடிக்கும், படகுகள் கரையில் ஏறியிருக்கும், எல்லோரும் அந்த நேரத்தில்தான் திருத்த வேலை பார்ப்பார்கள். மழையும் அதே நேரத்தில்தான். பைபர் படகின் உடைவில் கண்ணாடிநாரை ரெசின் என்ற திரவத்தில் ஊறவைத்துப் போடும் ஒட்டுப் பிசுபிசுத்தால், ரெசின் பழுது என்பார்கள், அதை இறுக்கக் கலக்கும் ஹார்ட்னர் போலி என்பார்கள், மழை பிடித்துவிட்டது என்பார்கள். அப்புறம் அதற்கு மேலேயே ஹார்ட்னரைக் கூட்டிக் கலந்து இன்னொரு பூச்சுப் பூசுவார்கள். இந்தப் படகை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம், அதில் இருந்த மூன்று ஒட்டும் பிசுபிசுத்தன, மூன்றுக்கும் காரணம் வேறு. ஒன்றுக்குச் சரியான வைத்தியத்தை மற்ற இரண்டுக்கும் செய்திருந்தால் ஐயா இரண்டு ஒட்டையும் கடலில்தான் விட்டிருப்பார்.

படகு ஏறத்தாழ 19 அடி. 25 குதிரைவலு எஞ்சின் பூட்டி ஓடுவது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஐயாவுக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் அவசர அவசரமாக ஊற்றிய படகுகள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. ஏராவில், அதாவது படகின் அடித்தண்டில், இருக்க வேண்டிய தடிப்பு சிலதில் இல்லை. இந்தப் படகிலும் ஏராவை வெட்டிய இடத்தில் அளந்தால் 5 மி.மீ.தான் வந்தது. கோணேசர் மலையடியால் திரும்பி வரும்போது பாறையில் தட்டி, ஏராவில் இரண்டடி நீளத்துக்கு உடைந்திருந்தது. அதே தட்டில் வலது பக்கம், அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) கிட்ட, ஒரு சாண் வெடிப்பு. மூன்றாவது பழைய காயம்: எஞ்சின் பூட்டும் பின்பலகையில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தண்ணீர் இறங்கிய இடம்.

ஐயாவின் மருமகன்தான் மூன்றையும் செய்திருந்தான், கரையில் இருக்கும் அவர்களுடைய மீன்பிடிக் கொட்டிலான வாடியில் வைத்து. கை வேலை சுத்தம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உடைந்த விளிம்பை வெறுமனே மூடாமல், 5 மி.மீ. தடிப்புக்குச் சுற்றிவர ஆறு சென்ரிமீற்றர் சரிவாக அரைத்திருந்தான். தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு. படகு கட்டுபவர்கள் கேட்கும் சரிவு அதுதான். மட்டில், அதாவது கண்ணாடிநார் விரிப்பில், காற்றுக்குமிழ் இல்லை, ரோலர் நன்றாக ஓடியிருக்கிறது. இவ்வளவு கவனமாகச் செய்த பையனுக்கு வேலை பிழைத்தால், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தேய்க்க முன்னம் பார்த்தது

சாண்ட் பேப்பரைத் தூரத்தில் வைக்கச் சொன்னேன். காயாத ரெசினில் தேய்ப்பது பேப்பருக்கும் நட்டம், ஒட்டுக்கும் கெடுதல். பசை சூடேறி இழுபட்டு, நல்ல இடத்தையும் மூடிவிடும். பிறகு எங்கே காய்ந்தது, எங்கே காயவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ரெசின் கம்பனிகள் பார்கோல் என்ற கருவியால் கடினம் அளப்பார்கள். ஊசி முனை ஒன்று அமுங்கும் ஆழத்தை எண்ணாகக் காட்டும். என்னிடம் அது இல்லை. என்னிடம் இருப்பது நகம், அசிட்டோன் நனைத்த வெள்ளைத்துணி, ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. மூன்று ஒட்டிலும் மூன்றையும் செய்தேன்.

ஏராவில் நகம் பசையில் வழுக்கியது, ஆனால் இறங்கவில்லை. துணியால் பத்து எண்ணும் மட்டும் துடைத்தேன். பசை துணியோடு வந்தது. கீழே கண்ணாடி மாதிரிக் கடினமான முகம். குற்றியால் தட்டினால் பக்கத்து நல்ல இடத்தின் அதே சத்தம்.

பக்க ஒட்டில் நகம் இறங்கியது. துடைக்கத் துடைக்கப் பசை வந்துகொண்டே இருந்தது, முகம் மேலும் மேலும் இளகியது. தட்டினால் செத்த சத்தம். நாருக்குள்ளே அங்கங்கே பால் படிந்த மாதிரி வெள்ளை.

பின்பலகைதான் விசித்திரம். அங்கே மேலே பூசிய ஜெல்கோட் (வெளிமுகத்துக்குப் பூசும் நிற ரெசின்) தொடும்போது மற்ற இரண்டையும் விடக் காய்ந்த மாதிரி இருந்தது. நகத்தை ஓரத்தில் கொடுத்துக் கிளப்பினேன். பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி முழுத் தகடாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் ஈரமான ஜெலி.

பிறகு பையனோடு உட்கார்ந்து கேட்டேன். எந்த டின், எந்தப் போத்தல், எத்தனை மணிக்கு, மழை எப்போது, எதால் அளந்தாய். இந்தக் கேள்விகளுக்குத்தான் அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. முக்கால்வாசி விடை அதில் வந்துவிட்டது.

ஏரா: பழுதே இல்லாத பிசுபிசுப்பு

பொலியெஸ்டர் ரெசின் இறுகுவது ஹார்ட்னர் தொடக்கிவைக்கும் ஒரு சங்கிலி வேலையால். காற்றில் இருக்கும் ஒட்சிசன் அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். உள்ளே காற்றுப் போகாது, அதனால் உள்ளே இறுகிவிடும். காற்றுப் படும் மேல் முகம் மட்டும், தாள் தடிப்புக்கு, பசையாகவே நிற்கும். மூன்று நாள் என்ன, மூன்று வாரம் விட்டாலும் அது காயாது.

மட் போட விற்கும் ரெசினை இப்படித்தான் செய்கிறார்கள். அது குறையே இல்லை. மேல் முகம் பசையாக நிற்பதால், அடுத்த நாள் அதற்கு மேல் இன்னொரு மட் போட்டால் இரண்டும் இரசாயனமாகவே ஒன்றோடொன்று பிடிக்கும், இடையில் தேய்க்கத் தேவையில்லை. கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான் காற்றை மறிக்க ஒரு வழி வேண்டும். ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைத்த மெழுகு விற்கிறது. அதைக் கடைசி ரெசினில் கலந்தால், இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து மெல்லிய படலமாக மூடும். சின்ன ஒட்டு என்றால் வழுவழுப்பான பொலியெஸ்டர் தாள் ஒன்றைக் குமிழ் இல்லாமல் மேலே படிய வைத்தாலும் போதும்.

பையனுக்கு மெழுகு பற்றித் தெரியும். ஆனால் அதை எல்லாப் பூச்சிலும் கலக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையிருப்பு இல்லாததால் கலக்கவில்லை. நல்ல காலம். இடைப்பூச்சில் மெழுகு கலந்திருந்தால் அதன்மேல் போட்ட மட் பிடிக்காமல் தகடு தகடாகக் கழன்றிருக்கும். அது கரையில் தெரியாது, கடலில் அலை குத்தும்போதுதான் தெரியும்.

இந்த ஒட்டுக்கு வைத்தியம் கால் மணித்தியால வேலை. அசிட்டோன் துணியை மாற்றி மாற்றித் துடைத்து (ஒரே துணியால் துடைத்தால் பசையைப் பூசிக்கொண்டே போவோம்), அசிட்டோன் முழுக்கப் பறக்க விட்டு, 80ஆல் தேய்த்தோம். வெள்ளைத் தூள் பறந்தது. பேப்பரில் பசை திரளாமல் உலர்ந்த தூள் விழுந்தால்தான் அது தேய்க்கப் பதமான ரெசின். பையன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்க ஒட்டு: போத்தலும் மழையும்

இது உண்மையாகவே காயாத ஒட்டு. அன்று பின்னேரம் தூறல். வாடியின் ஓலைக்கூரைக்குக் கீழே, ஈரக்காற்றில் நாலைந்து நாள் விரித்துக் கிடந்த மட்டை வெட்டிப் போட்டிருக்கிறான். ஈரம் குடித்த மட்டில் ரெசின் ஊறாது. நாரைச் சுற்றி வெள்ளை நிற்பது அதனால்தான். போதாததற்கு ஹார்ட்னர் போத்தல், தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில், போன வருசத்தில் இருந்து. பொலியெஸ்டருக்குப் போடும் எம்.ஈ.கே.பி. என்ற ஹார்ட்னர் வெக்கையில் வீரியம் இழந்துபோகும். அளந்தது அந்தப் போத்தலின் மூடியால்.

ஊகத்தில் விடக்கூடாது என்று ஒரு சோதனை செய்தோம். அதே டின் ரெசினை நன்றாக அடிமட்டும் கிளறி, இரண்டு பிளாஸ்டிக் கப்பில் நூறு நூறு கிராம். ஒன்றில் அவனுடைய ஹார்ட்னர், மற்றதில் என்னுடைய புதுப்போத்தல், இரண்டிலும் ஊசி சிரிஞ்சால் ஒன்றரை மி.லீ. என்னுடைய கப் இருபது நிமிடத்துக்குள் கட்டியாகிச் சூடேறியது. அவனுடையது ஒரு மணித்தியாலம் கழிந்தும் தேன் மாதிரி ஓடியது. ஐயா ரெசினைத்தான் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக இருந்தார். ரெசினில் பழுதில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருகோணமலை வெயிலில் ரெசின் கப்பிலேயே கட்டியாகிவிடுகிறது என்று எங்கள் ஆட்கள் ஹார்ட்னரை அரை வீதத்துக்குக் குறைத்துவிடுவார்கள். கட்டியாகும் நேரம் நீளும், உண்மை. ஆனால் ஒட்டு கடைசிவரை முழுதாக இறுகாது. ரெசின் தயாரிப்பவர்கள் பொதுவாகக் கேட்பது 1 முதல் 2 வீதம், அதாவது ஒரு கிலோவுக்குச் சராசரியாக 10 முதல் 20 மி.லீ. வெயில் கூடினால் ஹார்ட்னரைக் குறைக்காமல் கலவையைக் குறையுங்கள். 300 கிராமாகக் கலந்து, தட்டையான தாச்சியில் ஊற்றி, விடியற்காலையில் நிழலில் வேலை செய்தால் நேரம் போதும். கூட்டினாலும் நல்லதல்ல. மிஞ்சின ஹார்ட்னர் ஒட்டுக்குள்ளேயே தங்கி அதை மென்மையாக்கும், சூடு ஏறி வெடிக்கும்.

இன்னொன்று. இறுகுவதை வேகமாக்கும் கோபால்ட்டைச் சிலர் தனியாக வாங்கி ஊற்றுகிறார்கள். கடையில் கிடைக்கும் ரெசினில் பெரும்பாலும் அது ஏற்கெனவே கலந்திருக்கும், நாவல் நிறச் சாயலில் தெரியும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று நேரே பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே சிரிஞ்சால் இரண்டையும் எடுக்கவே கூடாது. ஹார்ட்னர் கண்ணில் ஒரு துளி தெறித்தாலே பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அதை அளக்க நான் யாரையும் விடுவதில்லை.

இந்த ஒட்டைக் காப்பாற்ற முயலவில்லை. வெறும் ஹார்ட்னர் குறைவு என்றால் வெயிலில் சூடு காட்டி ஓரளவு இறுக்கிப் பார்க்கலாம். ஈரமும் சேர்ந்தது என்பதால் முழுக்கக் கழற்றினோம். கிரைண்டர் வைத்தால் ரப்பர் மாதிரி இழுபடும் என்று, முதலில் உளியாலும் சுரண்டியாலும் எடுத்து, மிச்சத்தை அசிட்டோனால் துடைத்து, பிறகுதான் கிரைண்டரில் 36ஆம் நம்பர் டிஸ்க். அந்த இடத்தை நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவினோம். உப்பு இருந்தால் அது காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் இரவு ஒரு பொலித்தீன் துண்டைச் சுற்றிவர டேப் அடித்து மூடினோம். காலையில் உள்பக்கம் பனித்திருந்தது. இன்னும் இரண்டு நாள். அடுத்த தரம் துளியும் இல்லை. அதன் பிறகுதான் சதுர மீற்றருக்கு 450 கிராம் மட் இரண்டு, 600 கிராம் ரோவிங் (பாய் மாதிரிப் பின்னிய கண்ணாடிநார்) ஒன்று, மேலே இன்னொரு மட். ஐயாவுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய பொறுமைச் சோதனை. தைப்பொங்கல் கழிய இறக்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பின்பலகை: இரண்டு சாதி ரெசின்

போன வருசம் ஐயா போல்ட் ஓட்டைகளை எபொக்ஸியால் அடைத்திருக்கிறார். இரண்டு குழாயைச் சமனாகக் கலந்து பூசுவது. நல்ல முடிவு. பழைய பைபரில் எபொக்ஸி பிடிப்பது போலப் புதுப் பொலியெஸ்டர் பிடிக்காது, எஞ்சின் அதிர்வுக்கும் தாங்கும். இந்த முறை அது அழகில்லாமல் இருக்கிறது என்று பையன் அதன்மேல் இன்னும் கொஞ்சம் எபொக்ஸி பூசி, அடுத்த நாளே வெள்ளை ஜெல்கோட் அடித்திருக்கிறான்.

ஜெல்கோட் பொலியெஸ்டர் சாதி. எபொக்ஸியின் ஹார்ட்னர் அமைன் சாதி. முழுதாக இறுகாத எபொக்ஸியில் மிஞ்சியிருக்கும் அமைன், மேலே பூசும் பொலியெஸ்டரின் இறுகும் வேலையைக் கெடுக்கும். எபொக்ஸியைத் தொடும் அடிப்பக்கம் ஜெலியாகவே நிற்பது அதனால்தான். வாடைக் காற்றின் ஈரத்தில் எபொக்ஸியின் மேல் இன்னொன்றும் வரும்: கையில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும் ஒரு மெழுகுப் படை. காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் அமைனோடு சேர்ந்து உண்டாவது. இது தண்ணீரில் கரையும், அசிட்டோனில் சரியாகப் போகாது. இதைக் கழுவாமல் தேய்த்தால் படையைக் கீறல்களுக்குள் அமுக்கிவிடுவோம். பேப்பரும் உடனே அடைபடும். பலர் எபொக்ஸி காயவில்லை என்று நினைப்பது இந்தப் படையைத்தான்.

ஜெல்கோட்டை முழுக்க உரித்தோம். எபொக்ஸியை வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, துடைத்து, மறுபடி கழுவினோம். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவும்வரை. ஒரு வாரம் விட்டு 120ஆல் தேய்த்தோம். மேலே ஜெல்கோட்டுக்குப் பதிலாக இரண்டு பாகம் கலக்கும் பொலியூரிதேன் பெயின்ட். எபொக்ஸியைக் கிளப்பிவிட்டுப் பொலியெஸ்டரால் செய்யலாமே என்று பையன் கேட்டான். நிறம் ஒன்றாக வரும் என்பதைத் தவிர அதில் லாபமில்லை. பின்பலகையில் பிடிப்புத்தான் பெரிது. நிறம் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது, பரவாயில்லை.

என் கையால் வந்த பிழை

ஏராவுக்கும் பக்கத்துக்கும் கடைசி ஜெல்கோட் நான்தான் பூசினேன். தூரிகையால் பூசும் ஜெல்கோட்டும் மெழுகு இல்லாவிட்டால் பிசுபிசுக்கும், அதனால் கலந்தேன், நூறுக்கு நாலு. பல நாளைக்குப் பிறகு அன்று நல்ல வெயில் எறித்தது. அதைத் தவறவிடக்கூடாது என்ற அவசரத்தில், காலை பத்தரைக்குப் படகை வெளியே வைத்தே பூசிவிட்டேன். பக்கத்தில் நிழல் விழுந்த பாதி நன்றாகக் காய்ந்தது. வெயில் விழுந்த பாதி பசை.

மெழுகு கலந்திருந்தும் ஏன்? சுட்ட பைபரில் ஜெல்கோட் மிக வேகமாகக் கட்டியாகிவிட்டது, மெழுகு மேலே வர நேரமில்லை. வந்த கொஞ்சமும் அந்தச் சூட்டில் படலமாக உறையவில்லை. நிழலில் வைத்திருந்தால் இது நடந்திராது. ஐயாவிடம் நேரே சொன்னேன், என் பிழை, இந்தப் பூச்சு என் செலவு என்று. அடுத்த நாள் அசிட்டோனால் துடைத்து, 120ஆல் தேய்த்து, சாக்குப் படங்கு கட்டி, விடிய ஆறரைக்குப் பூசினோம். பின்னேரம் நகம் வழுக்கிப் போனது.

காய்ந்த பிறகும் உடனே தேய்க்கவில்லை. மேலே மெழுகுப் படலம் இருக்கிறதல்லவா, அதை முதலில் துடைத்து எடுக்க வேண்டும். எடுக்காமல் தேய்த்தால், நன்றாகக் காய்ந்த ஜெல்கோட்டிலும் பேப்பர் அடைபடும்.

தேய்த்தது

இன்னும் ஒரு காரணத்துக்காக ஒரு வாரம் விட்டேன். பொலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 7 வீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஒரே நாளில் முடிவதில்லை. இரண்டாம் நாளே கண்ணாடி மாதிரி மினுக்கி வைத்தால், பத்து நாள் வெயில் பட்டதும் ரோவிங்கின் பின்னல், பாய் பின்னல் மாதிரி, மேலே தெரிய வரும். சுருங்க விட்டுவிட்டுப் பிறகு தேய்த்தால் அது குறைவு. அதற்காகத்தான் ரோவிங்கைக் கடைசியாக விடாமல் மேலே ஒரு மட் போட்டதும்.

பையனுக்கு நான் கையைப் பிடித்துக் காட்டியது ஒரே ஒரு வேலை. ஒட்டின் மேல் பென்சிலால் கோணல் மாணலாகக் கிறுக்கச் சொன்னேன். ஒன்றரை அடிப் பலகையில் பேப்பரை ஒட்டி, படகின் நீளத்துக்குக் குறுக்காகச் சாய்த்து இழு, விரலால் அமுக்காதே என்றேன். பத்து இழுப்புக்குப் பிறகு பென்சில் அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். கையால் தேய்த்திருந்தால் விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கி, பள்ளத்தைப் பள்ளமாகவே மினுக்கியிருக்கும். பென்சில் முழுக்க அழியும்வரை 120, பிறகு 220, அப்புறம் வாட்டர் பேப்பரில் 400, 600, 800. ஒவ்வொரு நம்பர் மாற்றும்போதும் புதுத் தண்ணீர். முன்னைய பேப்பரின் ஒரு மணல் வாளியில் மிஞ்சினாலும் அதன் கீறல் கடைசிவரை நிற்கும். நீர்க்கோட்டுக்குக் கீழே 220ஓடு விட்டோம். அங்கே அடிப்பெயின்ட் வரும், அதற்குக் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பிடிக்கும்.

உலர்ந்து தேய்த்த நேரமெல்லாம் மூக்குமூடி, நீளக்கைச் சட்டை. வெறும் துவாயை முகத்தில் கட்டுவது கண்ணாடித்தூளை மறிக்காது. இதில் பையனோடு கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டி வந்தது.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் படகு இறங்கியது. மாசி கடைசியில் ஐயா கரைக்கு ஏற்றியபோது போய்ப் பார்த்தேன். ஏராவும் பக்கமும் ஒரே சத்தம், பின்பலகையில் பெயின்ட் கிளம்பவில்லை. பக்க ஒட்டில், கண்ணைச் சாய்த்துப் பார்த்தால், ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பின்னல் மெல்லத் தெரிகிறது. மேலே போட்ட மட்டை அந்த இடத்தில் நான் கொஞ்சம் கூடத் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது. பலத்துக்குக் குறைவில்லை என்பதால் அப்படியே விட்டோம். வாடியில் புது ஹார்ட்னர் போத்தல் தகரக் கூரையை விட்டு, மண் பானையின் நிழலுக்கு வந்திருந்தது. வாங்கிய திகதியைப் பையன் மார்க்கரால் எழுதி, மூடியில் ஒரு சிரிஞ்சைக் கட்டி வைத்திருந்தான்.